ஊஞ்சலைத் தாங்குவது எது?

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம் என் தங்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குவது எங்கள் தாத்தா காலத்து ஊஞ்சல். கும்பகோணத்தை அடுத்த பூர்விக வீட்டை விற்றபோது, பாத்திரங்களையும் படங்களையும் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள, ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட தேக்குப் பலகையும் அதன் பித்தளைச் சங்கிலிகளும் அவள் பங்குக்கு வந்தன. சில ஆண்டுகள் பரணில் கிடந்த பலகை, அவள் புதுவீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு மெருகேற்றப்பட்டு மீண்டும் தொங்கியது.

காலையில் காபி அருந்த ஊஞ்சலை நோக்கி நடந்தபோது, தங்கை ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தினமும்தான் துடைக்கிறேன் அண்ணா. மறுநாள் பார்த்தால் மறுபடியும் தூசி. தெருவில் சாலை போடுகிறார்கள் இல்லையா, அதுதான்" என்றாள். சாலைத் தூசி என்றால் நாற்காலி, மேசை, தொலைக்காட்சி எல்லாவற்றின் மீதும் படிந்திருக்க வேண்டும். இதுவோ பலகையின் இரு முனைகளில் மட்டும் கையகல வட்டமாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தேன். சாம்பல் நிறம், நறநறவென்றிருந்தது. சிமெண்ட்.

நிமிர்ந்து பார்த்தேன். கொக்கியின் அடிப்பாகத்தை மறைக்கும் பூ வடிவப் பித்தளைக் கிண்ணத்துக்கும் கூரைக்கும் இடையே ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. எண்பத்திரண்டு வயதான எங்கள் அம்மா அன்றாடம் மதியம் அந்த ஊஞ்சலில் அமர்ந்துதான் நாளிதழ் படிப்பார். மாலையில் தங்கையின் பேரனும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருவரும் அதில் ஏறி நின்று ஆடுவார்கள்.

அன்றே பலகையைக் கீழே இறக்கினோம். ஒரு பக்கத்துக் கொக்கியைக் குறடால் பிடித்துச் சற்று அசைத்ததும் அது ஏறத்தாழக் கையோடு வந்துவிட்டது. கூரையில் துளையிட்டு, அதற்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட்டில் அதைப் பொருத்தியிருந்தார்கள். துளையின் ஆழம் இரண்டு அங்குலம். அதில் அரை அங்குலம் சாந்துப் பூச்சு. பளு தாங்குவதில் அதற்குப் பங்கே இல்லை. மீதி ஒன்றரை அங்குலத்தோடு துளை நின்றுவிட்டதற்குக் காரணம், அங்கே தளத்தின் கம்பி குறுக்கிட்டிருந்தது. இடத்தை மாற்றித் துளையிட்டிருக்க வேண்டும். மாற்றினால் இரு கொக்கிகளும் நேர்கோட்டில் வராது, பார்க்க அழகாயிராது என்று எண்ணியிருப்பார்கள் போலும். ஊஞ்சல் ஆட ஆட, போல்ட் தன் துளையைத் தானே அகலமாக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூளைத்தான் தங்கை ஒரு மாதமாகத் துடைத்து வந்தாள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டடப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்பும் பலமுறை அந்த ஊஞ்சலில் நான் ஆடியிருக்கிறேன். ஒருமுறைகூட மேலே பார்த்ததில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஊஞ்சலை நாம் நாற்காலி, கட்டில் வரிசையில் வைத்துவிட்டோம் என்பதே பிழையின் தொடக்கம். கடைக்குச் செல்கிறோம், மரத்தின் இழையைப் பார்க்கிறோம், சங்கிலியில் கோத்த யானையையும் மயிலையும் அன்னத்தையும் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். 'மாட்டித் தருவது இலவசம்' என்கிறார் கடைக்காரர். மறுநாள் ஓர் இளைஞர் துளையிடும் கருவியோடு வருகிறார். அவருக்கு அந்தத் தளத்தின் கனம் தெரியாது. கம்பிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது தெரியாது. அதைக் கேட்டறிய அவருக்கு வழியும் இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. ஆனால் கட்டிலைப் போல ஊஞ்சல் தரையில் நிற்பதில்லை. அதில் அமர்பவரின் முழு எடையும் கட்டடத்தின் கூரையிலிருந்து தொங்குகிறது. ஆகவே அது அறைக்கலன் என்பதைவிட கட்டடத்தின் ஓர் உறுப்பு என்பதே பொருந்தும்.

அந்த எடை எவ்வளவு? தாத்தாவின் பலகை இரண்டு அங்குலக் கனம் உள்ளது; தேக்கின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 30 கிலோ. சங்கிலிகளுக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் மூவர் அமர்ந்தால் 200 கிலோ. ஆக மொத்தம் 250 கிலோ, ஊஞ்சல் அசையாமல் இருக்கும்போது. ஆடத் தொடங்கிவிட்டால் கணக்கு மாறும். ஊஞ்சல் கீழ்நோக்கி வந்து நடுவிடத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில்தான் சங்கிலியின் இழுவிசை உச்சத்தை அடைகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது அது. பெரியவர்கள் காலால் மெல்ல உந்தி 20 பாகைக் கோணத்தில் ஆடினால் விசை எட்டில் ஒரு பங்குதான் கூடும். பிள்ளைகள் எழுந்து நின்று 45 பாகைக்கு ஆட்டினால் ஒன்றரை மடங்கைத் தாண்டும். 60 பாகையில் சரியாக இரு மடங்கு. வீட்டு ஊஞ்சலை அவ்வளவு ஆட்டக்கூடாது என்பது உண்மைதான். கோடை விடுமுறையில் ஐந்து பிள்ளைகள் கூடிவிட்டால் அதை யார் கேட்கப் போகிறார்கள்? 250 கிலோவை 400 கிலோவாகக் கொண்டு கொக்கியைத் தீர்மானிப்பதுதான் அறிவுடைமை. அதற்கு மேலும் தாராளமாகப் பாதுகாப்பு விட வேண்டும்.

பளுவின் அளவைவிட அது திரும்பத் திரும்ப வருவதுதான் கொக்கிக்குக் கேடு. எட்டடி நீளச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை போய்வரச் சுமார் மூன்று விநாடி ஆகும். அதில் அமர்ந்திருப்பது குழந்தையா, பாட்டியா என்பதைப் பொறுத்து இந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை. பள்ளி இயற்பியலில் 'தனி ஊசல்' என்று படித்தோமே, அதே விதி. ஊசல் என்றாலே ஊஞ்சல்தான். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் பெண்கள் ஊஞ்சலாடிப் பாடும் பகுதிக்கு 'ஊசல் வரி' என்றே பெயர். பாடநூல் அந்தச் சொல்லைக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிட்டது. இருக்கட்டும். மூன்று விநாடிக்கு ஒருமுறை என்றால் ஒரு மணி நேரத்தில் 1,200 ஆட்டங்கள். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஊஞ்சல் ஆடினால், ஓராண்டில் எட்டே முக்கால் லட்சம். ஒவ்வோர் ஆட்டத்திலும் விசை இருமுறை உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது. அசையாத பளுவைப் பத்தாண்டுகள் தாங்கக்கூடிய ஆங்கர் போல்ட், இந்த ஓயாத அசைவில் சில மாதங்களில் நெகிழ்ந்துவிடுவதில் வியப்பில்லை.

தாத்தா வீட்டில் இதே பலகை இரண்டு தலைமுறைக்கு மேல் ஆடியது. அங்கே கூடத்துக்குக் குறுக்கே ஒரே தேக்கு மரத்தாலான உத்திரம் இருந்தது. கொக்கியை அதன் அடியில் திருகியிருக்கவில்லை. அகலமான இரும்புப் பட்டையை உத்திரத்தின் முதுகின்மீது சுற்றி, இருபுறமும் கீழே இறக்கி, அடியில் கொக்கியோடு இணைத்திருந்தார் ஊர்க் கொல்லர். மரத்தில் திருகிய கொக்கி, திருகின் மரைகளுக்கிடையே சிக்கிய சிறிதளவு மரத்தை நம்பியிருக்கிறது. பட்டையில் தொங்கும் கொக்கியோ உத்திரம் முழுவதையும் நம்பியிருக்கிறது. ஓட்டு வீடுகளிலும், கட்டைகளின்மீது செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளிலும் இன்றும் ஊஞ்சல் மாட்ட விரும்புவோர் இந்த ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஓட்டைத் தாங்கும் சட்டங்களிலோ நெருக்கமாக ஓடும் சிறு கட்டைகளிலோ மாட்டக் கூடாது; உத்திரத்தில்தான் மாட்ட வேண்டும். உத்திரத்தின் நடுப்பகுதி பார்வைக்கு நன்றாக இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைகளில்தான் ஈரமும் கறையானும் வேலை செய்யும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஓசையே சொல்லிவிடும்.

கான்கிரீட் வீடு கட்டுவோருக்கு இதெல்லாம் மிக எளிது. கூரைத் தளத்துக்குக் கம்பி கட்டும் நாளில் ஊஞ்சல் எங்கே வரும் என்று முடிவு செய்துவிட்டால் போதும். 16 மில்லிமீட்டர் கம்பியைக் கொக்கியாக வளைத்து, அதன் இரு கைகளையும் அடிக்கம்பிகளுக்கு மேலே ஒவ்வோர் அடி நீளம் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அதன்பின் கான்கிரீட் இட வேண்டும். அப்போது கொக்கி வெளியே வர வேண்டுமானால் கம்பி வலையையே இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் செய்தால் இன்னும் நல்லது. சாதாரண இரும்பு, கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். துரு, அது உருவான இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் சுற்றியுள்ள கான்கிரீட்டையும் பிளக்கும். தளத்தைவிடக் கான்கிரீட் உத்திரத்தின் அடியில் கொக்கியை அமைப்பது மேலும் சிறப்பு. கம்பியை நேராக நீட்டி விட்டுவிட்டு, கான்கிரீட் இறுகியபின் சுத்தியலால் அடித்து வளைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள், அந்த வளைவில் கம்பி விரிசல் விடக்கூடும்.

இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். ஆனால் நம் வீட்டு வரைபடங்களில் மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் இடம் குறிக்கிறோமே தவிர ஊஞ்சலுக்குக் குறிப்பதில்லை. குடிபோன பிறகுதான் ஊஞ்சல் நினைவு வருகிறது. ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக்கொடுத்த நானே என் வீட்டில் இதை மறந்தவன் என்பதால், யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. இப்போது என் வீட்டு முகப்பில் இருப்பது இரும்புச் சட்டகத்தில் தொங்கும் ஊஞ்சல். பாதுகாப்பானதுதான், ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மறதி நினைவுக்கு வரும்.

முகப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பலரும் ஊஞ்சலை மாட்ட விரும்புவது வாசல் முகப்பிலும் மாடி பால்கனியிலும்தான். காற்று வரும், தெரு தெரியும், ஆசை நியாயமானது. ஆனால் அந்தக் கூரைகளில் பல, முன்பக்கம் தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீண்டு நிற்பவை. நான்கு பக்கமும் தாங்கப்பட்ட தளத்தில் முக்கியக் கம்பிகள் அடிப்புறம் இருக்கும். இப்படி நீண்டு நிற்கும் தளத்தில் அவை மேற்புறம் இருக்கும். அதன் விளிம்பில் 400 கிலோவைத் தொங்கவிடுவது வேறு வகையான பளு. சுவரோடு சேரும் இடத்தில் மேற்புறம் விரிசல் விழுந்தால் கீழே அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாது. தூண்களும் உத்திரமும் இல்லாத முகப்பில், கட்டட வடிவமைப்பாளரின் ஒப்புதல் இன்றி ஊஞ்சல் மாட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு சங்கடம்: நம் கூரை என்பது மேல்வீட்டாரின் தரை. இரவு பத்து மணிக்கு நாம் ஆடும் ஊஞ்சலின் 'கிரீச்' ஒலி அவர்கள் கட்டிலுக்கு அடியில் கேட்கும்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் என்ன செய்வது? மின்விசிறிக் கொக்கியில் மாட்டுவது முற்றிலும் கூடாது; நான்கைந்து கிலோ எடையுள்ள விசிறிக்காக அமைத்தது அது. ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு இரும்பு உத்திரம் ஒன்றைப் போட்டு அதில் தொங்கவிடலாம். வேதிப்பசை கொண்டு கம்பியைப் பதிக்கும் முறை உண்டு. துளையின் ஆழம், தூளை முற்றிலும் ஊதி நீக்குவது, பசை இறுகும் நேரம் ஆகிய மூன்றிலும் கண்டிப்பு இருந்தால்தான் அது பயன்படும். மேலே மொட்டைமாடி மட்டுமே இருக்கும் வீடுகளில் எனக்குப் பிடித்தது தளத்தை ஊடுருவும் முறை. தங்கை வீட்டில் அதைத்தான் செய்தோம்.

வீட்டின் வரைபடத்தைத் தேடி எடுத்துத் தளத்தின் கனத்தையும் கம்பிகளின் இடைவெளியையும் பார்த்துக்கொண்டோம். கம்பிகளைத் தொடாத இடத்தில், தளத்தின் முழுக் கனத்துக்கும் துளையிட்டோம். கீழ்முனை வளையமாக உள்ள 16 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை உள்ளே செலுத்தி, மாடியில் எட்டு அங்குலச் சதுர இரும்புத் தகட்டின்மீது இரண்டு நட் போட்டு முடுக்கினோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மொட்டைமாடியில் நம் கண்ணுக்குத் தெரிவது தளம் அன்று; மழைநீர் இறங்காதிருக்கப் போட்ட சுர்க்கியும் தட்டோடும். தகட்டை அவற்றின்மீது உட்கார வைத்தால் நாளடைவில் அவை நொறுங்கி, நட் தளரும். ஆகவே அந்த அளவுக்கு அவற்றை வெட்டி எடுத்து, கான்கிரீட்டின் மேற்பரப்பிலேயே தகட்டை அமர்த்த வேண்டும். பிறகு நீர்க்காப்புப் பூச்சு பூசி, மேலே சிறிய கான்கிரீட் திட்டு எழுப்பிவிட வேண்டும். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. தட்டோட்டை வெட்டுவதற்கு அவர் தயங்கினார். மழைக்காலம் நெருங்கிவிட்டது என்பது அவர் கவலை.

வேலை முடிந்ததும் பலகையின்கீழ் மரக்கட்டைகளை அடுக்கி, இரண்டு அங்குல இடைவெளி விட்டு, 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் எட்டைப் பலகைமீது ஏற்றினோம். ஓர் இரவு முழுக்க அப்படியே இருந்தது. காலையில் கொக்கியைச் சுற்றி மயிரிழை விரிசலும் இல்லை. கடைக்காரர் யாரும் செய்துகாட்டாத, ஆனால் எந்த வீட்டிலும் செய்துவிடக்கூடிய சோதனை இது. அறுந்து விழுந்தாலும் மூட்டைதான் விழும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அமர்ந்தவரின் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பலகை தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். முதியவர்கள் இறங்கும்போது பலகை பின்னால் நழுவிப் போவதுதான் அவர்கள் விழக் காரணம். பாதம் பதிந்தால் அந்த ஆபத்து பாதியாகும். எட்டடிச் சங்கிலியில் 30 பாகைக்கு ஆடினால் பலகை முன்னும் பின்னும் நான்கடி போகும். அதோடு நீட்டிய காலையும் சேர்த்தால் முன்பக்கம் ஆறடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். சுவரோரமாக அழகுக்கு மாட்டிய ஊஞ்சல்கள் பின்மண்டையைப் பதம்பார்ப்பவை. 30 கிலோ பலகையின் விளிம்பு, தவழும் குழந்தையின் தலை உயரத்தில்தான் வருகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; கைக்குழந்தை உள்ள வீட்டில், யாரும் ஆடாத நேரத்தில் பலகையை ஒரு கயிற்றால் சுவரோடு கட்டிவைக்கும் வழக்கம் எங்கள் பாட்டிக்கு இருந்தது.

நான்கு மூலைச் சங்கிலிகளையும் நான்கு தனிக் கொக்கிகளில் மாட்டினால், பலகை சாயாமல் கிடைமட்டமாகவே போய்வரும். பக்கத்துக்கு இரண்டாக ஒரே கொக்கியில் சேர்த்தால், பலகை தொட்டிலைப்போல் சாய்ந்து ஆடும். எது சுகம் என்பது அவரவர் விருப்பம். நான்கு கொக்கி என்றால் எடை நான்காகப் பங்கிடப்படும் என்று எண்ண வேண்டாம். சமமில்லாத தரையில் நாற்கால் மேசை எப்படி மூன்று காலில் நிற்குமோ, அப்படியே ஒரு சங்கிலி சற்று நீளமாக இருந்தாலும் அது சும்மா தொங்க, மற்றவைதான் சுமக்கும். எனவே ஒவ்வொரு கொக்கியும் மொத்தப் பளுவில் பாதியைத் தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

இனி பராமரிப்பு. பெரும்பாலான வீடுகளில் இதன் பொருள் பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவது. அதில் தவறில்லை, புளியின் அமிலம் பித்தளையின் கறையைக் கரைத்துவிடும். நன்றாகக் கழுவி, ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆனால் மூக்கைத் துளைக்கும் நெடி கொண்ட துலக்கு திரவங்களை ஊஞ்சல் சங்கிலியில் நான் பயன்படுத்த மாட்டேன். அதற்கு ஒரு பழைய கதை காரணம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் பித்தளைத் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் உறைகள் தாமாகவே வெடித்திருந்தன. பருவந்தோறும் நேர்ந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே அதற்குப் பெயர் வந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்பது 1921ஆம் ஆண்டுதான் தெளிவாக விளக்கப்பட்டது. உள்ளே இழுவிசை தங்கியுள்ள பித்தளையும் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால், துரு ஏதும் தெரியாமலேயே நுண்ணிய விரிசல்கள் ஓடிவிடும். ஊஞ்சல் சங்கிலியைவிட இழுவிசைக்கு ஆட்பட்ட பித்தளைப் பொருள் நம் வீட்டில் வேறேது? பளபளப்பு தரும் பல திரவங்களில் அம்மோனியா கலந்திருக்கிறது. வாங்குமுன் புட்டியின் பின்புறத்தைப் படித்துவிடுங்கள்.

துலக்குவதைவிட முக்கியமானது தேய்மானத்தைப் பார்ப்பது. சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உட்புறத்திலும், மேல்கண்ணி கொக்கியில் அமரும் வளைவிலும்தான் தேய்மானம் நிகழ்கிறது. எடை தொங்கும்போது அந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியாது. பலகையைத் தூக்கிப் பிடித்துச் சங்கிலியைத் தளர்த்தினால்தான் தெரியும். இரும்புக் கொக்கியில் பித்தளைக் கண்ணி மாட்டப்பட்டிருந்தால், மென்மையான பித்தளைதான் அறுபடும். ஈரக்காற்று உள்ள ஊர்களில் பித்தளையைத் தொட்டிருக்கும் இரும்பு விரைந்து துருப்பிடிக்கவும் செய்யும். கண்ணியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் அந்தக் கண்ணியை மாற்றிவிட வேண்டும். பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். உருண்டைக் கம்பியின் கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பளுவைத் தாங்கும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதிலும் 304 என்ற ரகம் உப்புக்காற்றில் புள்ளி விழும். 316 என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஓசை எழுந்தால் தேங்காயெண்ணெய் விடுவது நம் வழக்கம். சில நாள் ஓசை அடங்கும். பிறகு தூசி சேர்ந்து கருமையான பசையாகி, அதிலுள்ள மணல் துகள்கள் அரம்போல உலோகத்தை அராவும். பழையதை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுச் சிறிதளவு கிரீஸ் தடவுவதே சரி. பேரிங் வைத்த கொக்கிகள் இப்போது கிடைக்கின்றன. ஓசையும் தேய்மானமும் குறைவு. என்றாலும் திடீரென்று புதிதாக எழும் ஓசையை எண்ணெயால் அடக்கிவிடுவதற்கு முன், அது எங்கிருந்து வருகிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்ப்பது நல்லது.

மரத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம். மூலைத் துளைகளிலிருந்து முனையை நோக்கி ஓடும் வெடிப்பு மட்டுமே ஆபத்து. அடியில் குறுக்குச் சட்டம் அறைந்திருந்தால் அதுவும் கட்டுப்படும். அடிப்புற நட்டுகள் ஆடி ஆடித் தளரும் என்பதால் இரட்டை நட் போட வேண்டும். வெயிலும் சாரலும் படும் முகப்புப் பலகைக்கு ஆண்டுக்கொருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசலாம். பூசிய துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகி, சுருட்டிய துணி தானே தீப்பற்றுவது உண்டு. விரித்து உலர்த்திவிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் எப்போது பார்ப்பது என்று கேட்டால், ஆயுத பூஜை இருக்கவே இருக்கிறது. அன்று சங்கிலிக்குச் சந்தனம் வைக்கும் நாம் ஏணியில் இன்னும் நான்கு படி ஏறினால் போதும். போகிக்கு முன் வெள்ளையடிக்கும்போது இன்னொரு முறை பார்க்கலாம். பூச்சு வேலை செய்பவர்கள் கொக்கியின் அடியிலுள்ள விரிசலையும் சேர்த்துப் பூசி மறைத்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் தூரிகையை எடுப்பதற்கு முன்.

கடையில் ஊஞ்சல் வாங்குவோருக்கு, கொக்கி எந்த முறையில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை கிலோவுக்குப் பொருத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் தரப்பட வேண்டும் என்பது என் விருப்பம். பலகைக்கும் சங்கிலிக்கும் உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள். அவை இரண்டும் தொங்கும் கொக்கிக்கு இல்லை. வாங்குவோர் கேட்டால்தான் அந்த வழக்கம் வரும். தங்கைக்கு மாட்டிக்கொடுத்த இளைஞரிடம் தொலைபேசியில் பேசினேன். மறைக்காமல் ஒப்புக்கொண்டார். துளை ஆழம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாரும் தனக்குச் சொல்லித்தந்ததில்லை என்றார். ஒரு நாளில் நான்கு வீடுகள் முடிக்க வேண்டுமாம்.

ஐப்பசி மழை அந்த ஆண்டு நன்றாகவே பெய்தது. கொத்தனார் பயந்ததுபோல் கூரையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அம்மா முதல் இரண்டு நாள் ஊஞ்சலில் உட்கார மறுத்துவிட்டு, மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் நாளிதழோடு போய் அமர்ந்துவிட்டார். தங்கை இப்போதும் காலையில் பலகையைத் துடைக்கிறாள். துணியை எடுப்பதற்கு முன் இரு முனைகளையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.